ஊசியும் மூச்சும்

நாவலப்பிட்டிப் புகையிரத நிலையத்தின் பழைய வழக்கம் ஒன்று மலைநாட்டு முதியவர் பலருக்கு நினைவிருக்கும். 1874ஆம் ஆண்டில் இவ்வூரை வந்தடைந்த இருப்புப்பாதை, 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டியது. கம்பளையைக் கடந்து ஆற்றுப் பள்ளத்தாக்கில் வரும் வண்டி, இங்கிருந்துதான் கல்பொட, வட்டவளை, ஹட்டன் என்று மலையேறத் தொடங்குகிறது. நீராவி இயந்திரங்கள் ஓடிய காலத்தில், அந்த ஏற்றத்துக்காக வண்டிக்கு மற்றோர் இயந்திரத்தையும் இங்கே பூட்டுவார்கள். அந்த இரண்டாவது இயந்திரம் மலையைத் தாழ்த்திவிடாது, செங்குத்தைச் சமதரையாக்காது. வண்டி ஏறமாட்டாமல் நடுவழியில் நின்று பின்னோக்கிச் சரியும் ஆபத்தைக் குறைக்கும், அவ்வளவே. அதுவே பெரும் பயன் என்பதை அப்பாதையில் பயணம் செய்தவர்கள் அறிவார்கள்.

மூச்சு நோய்களுக்கெதிராகப் போடப்படும் தடுப்பூசிகளின் பயனும் பெரும்பாலும் இத்தகையதே. ஆயினும் அவற்றிடமிருந்து மக்கள் எதிர்பார்ப்பது வேறு. கடைவீதியிலும், கொழுந்து நிறுக்கும் இடத்திலும், வைத்தியசாலை வாங்கிலும் அண்மைக் காலத்தில் எழுந்த கேள்வி ஒன்று உண்டு: "இரண்டு ஊசி போட்டோம், மூன்றாவதும் போட்டோம். அப்படியிருந்தும் காய்ச்சல் வந்ததே! பிறகு ஊசியால் என்ன பயன்?" இது அறியாமையில் எழுந்த கேள்வி அன்று, கண்ணால் கண்டதை வைத்துக் கேட்கப்படும் நியாயமான கேள்வி. அதட்டல் இதற்கு விடையாகாது. மூச்சின் வழியையும் சிறிது கணக்கையும் அறிந்தால் விடை தானே புலப்படும்.

மூச்சு செல்லும் பாதையை ஒரு வீட்டுக்கு ஒப்பிடலாம். மூக்கும் தொண்டையும் வாசற்படி, சுவாசப்பைகள் உள்ளறை. கிருமி வாசற்படியில் நின்றால் தும்மல், சளி, தொண்டைநோவு, இரண்டு நாட் காய்ச்சல். அது உள்ளறைக்குள் இறங்கினால் நியுமோனியா. அப்போது சுவாசப்பையின் நுண்ணிய காற்றறைகளில் நீரும் சீழும் நிறைகின்றன. இரத்தத்துக்கு ஒட்சிசன் கிடைப்பது குறைகிறது. உயிருக்கு உலை வைப்பது வாசற்படியில் நிற்கும் நோயன்று. உள்ளே இறங்கும் நோயே.

புயத்தில் போடப்படும் ஊசி இரண்டு வகையில் உதவுகிறது. முதலாவது, கிருமியைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளை இரத்தத்தில் உண்டாக்குகிறது. இவை சுவாசப்பையின் ஆழத்தை நன்கு எட்டும். மூக்கின் ஈரத்தோலை அவ்வளவாக எட்டுவதில்லை. அன்றியும், மாதங்கள் செல்லச் செல்ல இவற்றின் அளவு குறைந்துவிடும். இரண்டாவது, கிருமியின் உருவத்தை நினைவில் வைத்திருக்கும் ஞாபகக் கலங்களை உடலில் விட்டுச் செல்கிறது. இவை நெடுங்காலம் நிற்பவை. ஆனால் உறக்கத்திலிருந்து எழுந்து படை திரட்ட அவற்றுக்குச் சில நாட்கள் தேவை.

ஒரு தடுப்பூசி நோயையே தடுக்குமா, நோயின் கடுமையைத் தடுக்குமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இந்தச் சில நாட்களே. சின்னமுத்து என்னும் நோய், கிருமி புகுந்து ஏறக்குறைய பத்து நாட்களுக்குப் பின்னரே வெளிப்படும். அதற்குள் ஞாபகக் கலங்கள் விழித்துக்கொள்ளும். ஆகவே நோயே தெரியாமல் அடங்கிவிடும். இன்புளுவென்சாவும் கொவிட்டும் அத்தகையவை அல்ல. இரண்டு மூன்று நாட்களில் மூக்கையும் தொண்டையையும் பிடித்துவிடுகின்றன. படை எழும்போது பகைவன் ஏற்கெனவே வாசலில் நிற்கிறான். எனினும் அவன் உள்ளறைக்குள் இறங்குமுன் தடுத்துவிட நேரம் இருக்கிறது. ஊசி போட்டவருக்குக் காய்ச்சல் வருவதும், அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் நெஞ்சுக்குள் இறங்காமல் நிற்பதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாகும்.

உள்ளே இறங்கிய நோய் என்ன செய்யும் என்பதற்கு இலங்கை கண்ட பெருஞ்சான்று, 1918ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 1919ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் பரவிய இன்புளுவென்சாக் கொள்ளைநோய். அதனால் இத்தீவில் ஏறக்குறைய மூன்று லட்சம் உயிர்கள் மாண்டிருக்கலாம் என மக்கட்டொகை ஆய்வாளர்கள் கணித்திருக்கின்றனர். உலகெங்கும் அன்று மாண்டவர்களிற் பெரும்பாலோரின் உயிரைக் குடித்தது, சுரத்தைப் பின்தொடர்ந்து வந்த நியுமோனியாவே. அந்நோய்க்குத் தடுப்பூசி அன்று இல்லை. மனிதரிடம் இன்புளுவென்சா வைரசு கண்டறியப்பட்டதே 1933ஆம் ஆண்டில்தான். அக்காலத்துத் தோட்டத் தொழிலாளர் அறிந்திருந்த ஊசி வேறு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, பெரியம்மைக்கு ஊசி குத்தப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். அந்தப் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதென 1980ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

மூச்சைத் தாக்கும் பழைய நோய்களுக்கெதிராக ஊசி பெற்ற வெற்றியைக் காண இந்நாட்டு மக்கள் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. குழந்தையின் தொண்டையில் தோல்போலப் படர்ந்து மூச்சையே அடைத்துவிடும் தொண்டைக்கரப்பன், குழந்தை நீலம் பாரிக்கும்வரை இருமவைக்கும் குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றுக்குமான கூட்டு ஊசி 1961ஆம் ஆண்டில் இலங்கையில் அறிமுகமாயிற்று. 1978ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1984ஆம் ஆண்டில் சின்னமுத்துக்கான ஊசியும் அதிற் சேர்ந்தது. சின்னமுத்தைத் தோல் நோயென்று எண்ணுவோர் பலர். உண்மையில், அந்நோயால் இறக்கும் சிறு குழந்தைகளிற் பெரும்பாலோரைக் கொல்வது அதைத் தொடர்ந்து வரும் நியுமோனியாவே. இத்திட்டத்தின் பயனாகத் தொண்டைக்கரப்பன் இந்நாட்டில் அரிதினும் அரிதாயிற்று. சின்னமுத்து நீங்கிய நாடென 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது.

ஆனால் சான்றிதழ் மதிலாகிவிடாது. 2023ஆம் ஆண்டில் சின்னமுத்து மீண்டும் தலைதூக்கியது. ஊசி போடும் வயதாகிய ஒன்பது மாதம் நிறையாத கைக்குழந்தைகளும், முன்னர் ஊசி தப்பிப்போன பெரியவர்களுமே அதிகமாக அகப்பட்டனர். நன்கு வேலை செய்யும் ஊசியாயினும், அது போடப்படாத உடலில் வேலை செய்வதில்லை. அக்கைக்குழந்தைகளுக்கோ, சுற்றியிருப்போர் போட்டுக்கொண்ட ஊசியே காப்பு.

எல்லா ஊசிகளும் இவ்வாறு வென்றன என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். சயரோகத்துக்கான பி.சி.ஜி. ஊசி 1949ஆம் ஆண்டு முதல் இலங்கையில் போடப்பட்டு வருகிறது. அதன் ஆற்றலை அளப்பதற்காகத் தமிழ்நாட்டின் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968ஆம் ஆண்டில் ஒரு பேராய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு ஊசி மருந்தும், மறு சாராருக்கு மருந்தற்ற நீரும் போடப்பட்டன. வெளிவந்த முடிவு பலரையும் திகைக்க வைத்தது: வயது வந்தோருக்கு வரும் சுவாசப்பைச் சயரோகத்தை அங்கு அந்த ஊசி தடுக்கவில்லை. ஆயினும் பி.சி.ஜி. கைவிடப்படவில்லை. சிறு குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் சயரோகத்தையும், உடலெங்கும் பரவும் சயரோகத்தையும் அது வெகுவாகக் குறைக்கிறது என்பது வேறு பல ஆய்வுகளால் உறுதியாயிற்று. பிறந்த குழந்தைக்கு அது போடப்படுவதன் நோக்கம் இதுவே. "இந்த ஊசி நல்லதா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "எந்த வயதினரை, எந்த ஆபத்திலிருந்து, எவ்வளவு காலம் காக்கும்?" என்று கேட்பதே முறை எனச் செங்கற்பட்டு கற்பித்தது.

இதே கேள்வியைக் கொவிட் ஊசியிடமும் கேட்கலாம். 2021 ஜனவரி 29ஆம் திகதி இலங்கையில் அந்த ஊசி போடும் பணி தொடங்கியது. இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய அஸ்ட்ராசெனெகா முதலில் வந்தது. சீனாவின் சினோபார்ம் பின்னர் பெருந்தொகையாக வந்தது. அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்கா வழங்கிய மொடேர்னா ஊசி கண்டி மாவட்டத்தில் பலருக்குப் போடப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் டெல்டா வகை கொவிட் நாட்டையே உலுக்கியது. வைத்தியசாலைகளில் ஒட்சிசனுக்கு நெருக்கடி ஏற்பட்டது. இறந்தவர்களிற் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள்.

அந்த மொடேர்னா ஊசியின் ஆய்வு அமெரிக்காவில் ஏறக்குறைய 30,000 பேரிடம் நடத்தப்பட்டது. பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். உப்புநீர் பெற்றவர்களில் 185 பேருக்கும், மருந்து பெற்றவர்களில் 11 பேருக்கும் கொவிட் நோய் கண்டது. மருந்து இல்லாதிருந்தால் அந்தப் பக்கத்திலும் ஏறக்குறைய 185 பேர் நோயுற்றிருப்பர். அவர்களில் 11 பேரைத் தவிர ஏனையோர் தப்பினர். ஆகவே காப்பு வீதம் 94 என்றனர். நூறு பேருக்கு ஊசி போட்டால் ஆறு பேர் நோயுறுவர் என்பது இதன் பொருளன்று. ஊசியின்றி நோயுற்றிருக்கக்கூடிய நூறு பேரில் ஆறு பேரே நோயுறுவர் என்பதே பொருள். கடுமையான நோய் கண்டவர்கள் 30 பேர். அந்த முப்பது பேரும் உப்புநீர் பெற்றவர்களே. சினோபார்ம் ஊசிக்கு, வைத்தியசாலை அனுமதியைத் தடுக்கும் வீதம் ஏறக்குறைய 79 என உலக சுகாதார நிறுவனம் கூறியது; அந்த ஆய்வில் முதியோர் மிகச் சிலரே இடம்பெற்றிருந்தனர் என்பதையும் அது மறைக்கவில்லை.

இந்த வீதங்கள் கல்லில் பொறித்தவை அல்ல. 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஒமிக்ரோன் என்னும் மாற்றுருவம் வந்தது. சளிக்காய்ச்சலைத் தடுக்கும் ஆற்றல் விரைவாகச் சரிந்தது. கடுமையைத் தடுக்கும் ஆற்றலோ மெதுவாகவே குறைந்தது. அக்காலத்தில் அமெரிக்க வைத்தியசாலைகளில் எடுத்த கணக்கின்படி, இரண்டாம் ஊசி போட்டு ஆறு மாதம் கடந்தவர்களுக்கு வைத்தியசாலை அனுமதியிலிருந்து கிடைத்த காப்பு 57 வீதம். மூன்றாம் ஊசி பெற்றவர்களுக்கு அது 90 வீதம். மேலதிக ஊசி எதற்காக என்ற கேள்விக்கு இதுவே விடை. பின்வந்த ஆண்டுகளில், பெரும்பாலோர் நோயாலோ ஊசியாலோ ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டபடியால், புதிய ஊசி கூட்டித் தரும் காப்பு ஏறக்குறைய பாதியளவாயிற்று. அதுவும் சில மாதங்களுக்கே. இளைஞருக்கு அது சிறிதாகத் தோன்றலாம். எழுபது வயது முதியவருக்கு அது ஒரு மழைக்காலத்தைக் கடக்க உதவும் கைத்தடி. உலகம் முழுவதையும் நோக்கினால், ஊசி வந்த முதல் ஓராண்டில் மட்டும் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் தவிர்க்கப்பட்டன என லண்டன் ஆய்வாளர்கள் 2022ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர்.

ஒரு மயக்கத்தை இங்கே தெளிவித்தல் வேண்டும். "வைத்தியசாலையில் கிடப்பவர்களிற் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்களாமே!" என்ற பேச்சு அக்காலத்தில் பரவியது. செய்தி பொய்யாக இருக்கவேண்டியதில்லை. அதிலிருந்து கொள்ளும் முடிவே பிழை. ஓர் ஊரில் ஆயிரம் முதியவர்கள் இருப்பதாகக் கொள்ளலாம். அவர்களில் 900 பேர் ஊசி போட்டவர்கள். 100 பேர் போடாதவர்கள். ஊசி போடாத நூறு பேரில் பத்துப் பேர் கடும் நோயுறுவர் எனவும், ஊசி அந்த ஆபத்தை 80 வீதம் குறைக்கும் எனவும் வைத்துக்கொண்டால், ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு இருவரே நோயுறுவர். 900 பேரில் அது 18 பேர். ஆகவே வார்டில் 28 பேர். அவர்களில் 18 பேர் ஊசி போட்டவர்கள். கட்டில்களை மட்டும் எண்ணுகிறவர், "ஊசி போட்டவர்களே அதிகம்" என்று கூறி வெளியேறுவார். ஊரையும் சேர்த்து எண்ணுகிறவரோ, ஊசி இல்லையேல் அங்கே நூறு பேர் கிடந்திருப்பர் என்பதைக் காண்பார். வராமற்போன 72 பேரை வார்டில் எவரும் காணமுடியாது. அவர்கள் தத்தம் வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருப்பார்கள். தடுப்பூசியின் பயன் கண்ணுக்குப் புலப்படாமைக்கு இதுவே காரணம்.

இன்புளுவென்சா ஊசி இத்துணை வலிமையுடையதன்று. அந்த வைரசு ஆண்டுதோறும் வேடம் மாற்றுகிறது. ஊசியையும் அதற்கேற்ப மாற்றவேண்டியிருக்கிறது. பொருத்தம் நன்கமைந்த ஆண்டுகளில் வைத்தியரை நாடவேண்டிய நோய் 40 முதல் 60 வீதம் வரை குறையும்; முதியோரிடம் பயன் இன்னும் குறைவாக இருக்கக்கூடும். பற்றீரியாவால் வரும் நியுமோனியாவுக்கான நியுமோகொக்கல் ஊசி, நெதர்லாந்தில் 65 வயது நிறைந்த 84,000க்கும் மேற்பட்டோரிடம் ஆராயப்பட்டது. ஊசி குறிவைத்த வகைகளால் வரும் நியுமோனியா ஏறக்குறைய 45 வீதம் குறைந்தது; அக்கிருமி இரத்தத்திற் கலந்து செய்யும் கடும் நோய் 75 வீதம் குறைந்தது. இங்கும் அதே பாடம்: நோய் எவ்வளவு கடுமையோ, ஊசியின் பயன் அவ்வளவு தெளிவு.

தானே ஊசி பெறும் வயது வராத சிசுவைத் தாயின் வழியாகக் காக்கும் முறையும் இன்று உண்டு. இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டு முதல் கர்ப்பிணிகளுக்குக் குக்கலுக்கான ஊசி போடப்பட்டது. பிறந்த சில வாரங்களில் சிசுவுக்கு வரும் குக்கலை அது ஏறக்குறைய 90 வீதம் தடுத்தது. தாயின் இரத்தத்தில் உண்டான பிறபொருளெதிரிகள் கொப்பூழ்க்கொடி வழியே பிள்ளைக்குச் சீதனமாகச் செல்கின்றன.

ஊசிக்குத் தீங்கே இல்லையா? உண்டு, அதை மறைப்பது நம்பிக்கையைக் கெடுக்கும். கைவலியும் ஒருநாட் காய்ச்சலும் பலருக்கு வரும். கொவிட் ஊசிகளில் ஒரு வகை மிக அரிதாக இரத்தக் கட்டியையும், மற்றொரு வகை மிக அரிதாக இளைஞரிடம் இதயத்தசை அழற்சியையும் உண்டாக்கின. ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி 2008ஆம் ஆண்டில் இலங்கையில் அறிமுகமானபோது, ஊசி பெற்ற குழந்தைகள் சிலர் இறந்த செய்தி வந்தது. உடனே அது இடைநிறுத்தப்பட்டது. நிபுணர்கள் ஆராய்ந்து, மரணங்களுக்கு ஊசியே காரணம் என்பதற்குச் சான்று காணாத நிலையில், 2010ஆம் ஆண்டில் அது மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. ஐயம் எழுந்தபோது நிறுத்தவும், ஆராய்ந்தபின் தொடரவும் அறிந்த திட்டமே நம்பத்தக்க திட்டம்.

ஊசியால் ஆகாத காரியங்களும் உள. காற்றோட்டமற்ற லய அறையை அது விசாலமாக்காது. விறகடுப்பின் புகையை அது வெளியேற்றாது. பீடியும் சுருட்டும் அரித்த நெஞ்சை அது புதுப்பிக்காது. அறைக்கு ஒரு சாளரமும், அடுப்புக்கு ஒரு புகைக்கூண்டும், புகைபிடிப்பதை விடும் மனவுறுதியும் ஊசியோடு சேரவேண்டிய துணைகள். அவற்றுள் முதலிரண்டும் தொழிலாளியின் கையில் மட்டும் உள்ளவை அல்ல; தோட்ட நிருவாகத்தின் கடமையும் அரசின் கடமையும் அவற்றில் அடங்கும்.

தாய்மார் அறிந்திருக்கவேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. சளி பிடித்த குழந்தை அமைதியாக இருக்கும்போது, ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று கடிகாரம் பார்த்து எண்ணவேண்டும். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60, ஒரு வயது நிறையும்வரை 50, அதன்பின் ஐந்து வயதுவரை 40 என்ற அளவை எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்வாங்கினாலோ, நோய் உள்ளறைக்குள் இறங்குகிறது என்று பொருள். பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கைமருந்து செய்து காத்திருத்தல் ஆகாது. மலையுச்சித் தோட்டத்திலிருந்து நாவலப்பிட்டி வைத்தியசாலைக்கு வர, மழைநாளில் நெடுநேரமாகும். அந்த நேரத்தையும் கணக்கிற் கொண்டு முன்கூட்டியே புறப்படவேண்டும். முதியவர்களுக்கும் அவ்வாறே: மூச்சுத் திணறலும் மயக்கமும் கண்டால் விடியும்வரை பொறுத்திருக்கலாகாது.

பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் விடுபட்ட கட்டம் ஏதும் உண்டா என்று பார்ப்பதும், வீட்டிலுள்ள பாட்டனுக்கும் பாட்டிக்கும் எந்த ஊசி ஏற்றது என்று சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிற் கேட்பதும் ஒரு பொழுதின் வேலை. சிறப்பாக, இருதய நோய், நீரிழிவு, ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்கள் இதை நாளைக்கு என்று தள்ளிப்போடுதல் கூடாது.

ஊசி போட்டும் காய்ச்சல் வந்ததே என்பவருக்குக் கூறவேண்டிய விடை இதுதான்: காய்ச்சல் வந்தது உண்மை. அது நெஞ்சுக்குள் இறங்காமல் நின்றதா, வைத்தியசாலைக் கட்டிலுக்குப் போகாமல் வீட்டுத் திண்ணையிலேயே தணிந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வண்டி மெதுவாக ஏறியிருக்கலாம். இரைந்தும் புகைந்தும் ஏறியிருக்கலாம். பின்னோக்கிச் சரியாமல் ஹட்டனைச் சென்றடைந்ததா என்பதே கேள்வி.